சைட்டேஷன் எண்ணிக்கை என்ன சொல்கிறது? ஒரு கல்லீரல் விஞ்ஞானியின் கட்டுரைகளை வைத்து ஒரு விளக்கம்

"உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்கள்" என்ற செய்தி நம் ஊர் நாளிதழ்களில் ஆண்டுதோறும் வருகிறது. கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள், பாராட்டு விழா நடக்கிறது. வீட்டில் பிஎச்டி படிக்கும் பிள்ளை இருந்தால் சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபேக்டர் என்ற சொற்களும் அடிக்கடி காதில் விழும். இந்த எண்களை வைத்துத்தான் இன்று வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி எல்லாம் முடிவாகின்றன. ஆனால் அவை எதை அளக்கின்றன என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

இதை வெறும் கணக்காகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பரூக் ப்ளம்பெர்க். அவர் பிறந்த ஜூலை 28ஐத்தான் உலகம் ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறது. அவருடைய ஆய்வுகளில் ஒன்றுக்குச் சென்னையோடும் கீழாநெல்லியோடும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த ஆய்வுதான் சைட்டேஷன் பற்றிய மிக முக்கியமான பாடத்தையும் வைத்திருக்கிறது.

முதலில் அடிப்படை. ஆய்விதழில் வரும் எந்தக் கட்டுரையின் கடைசியிலும், அதை எழுதியவர் பயன்படுத்திய முந்தைய கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் உங்களுக்கு ஒரு சைட்டேஷன், அதாவது ஒரு மேற்கோள். அவ்வளவுதான். ஆனால் இதை எண்ணுவது அத்தனை சுலபமில்லை. நம் வீட்டு மொய் நோட்டைப் புரட்டினால் நமக்கு யார் யார் செய்தார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட ஆள் ஊரில் எந்தெந்த வீட்டு விசேஷத்தில் மொய் வைத்தார் என்று தெரிய வேண்டுமானால், ஊரிலுள்ள எல்லா நோட்டுகளையும் சேர்த்து, பெயர்வாரியாகத் திருப்பி எழுதியாக வேண்டும். ஆய்வுக்கட்டுரைகளுக்கு அந்த வேலையைச் செய்தவர் யூஜின் கார்ஃபீல்ட். 1955இல் 'சயின்ஸ்' இதழில் இந்த யோசனையை எழுதினார். 1964இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற தொகுதியை வெளியிடத் தொடங்கினார். ஒரு பழைய கட்டுரையின் பெயரைத் தேடினால், அதன்பின் அதை யார் யாரெல்லாம் எடுத்தாண்டார்கள் என்று அதில் பார்த்துவிடலாம்.

அதே 1964இல்தான் ப்ளம்பெர்க்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து சேர்ந்தார். இருவரும் 1925இல் நியூயார்க்கில் பிறந்தவர்கள், இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். இது தற்செயல்தான். ஆனாலும், மேற்கோள்களை எண்ணும் கருவியும், அந்தக் கருவிக்கு எளிதில் பிடிபடாத ஒரு கண்டுபிடிப்பும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் வளர்ந்தன என்பது எனக்கு எப்போதும் வியப்பு தரும் செய்தி.

ப்ளம்பெர்க் கல்லீரல் நோயைத் தேடிப் போனவரே இல்லை. இயற்பியலில் பட்டம், கொஞ்சம் கணிதம், அப்புறம் மருத்துவம், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் என்று சுற்றி வந்தவர். மருத்துவ மாணவராகத் தென்னமெரிக்காவின் சுரினாமில் சில மாதங்கள் வேலை பார்த்தபோது, ஒரே இடத்தில் வாழும் மக்களில் சிலரை நோய் கடுமையாகத் தாக்குகிறது, சிலரை விட்டுவிடுகிறது என்பதைக் கண்டார். ரத்தத்தில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடுகள் இதற்குக் காரணமாக இருக்குமோ என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. உலகின் பல மூலைகளிலிருந்து ரத்த மாதிரிகளைச் சேர்க்கத் தொடங்கினார்.

அவர் பயன்படுத்திய சோதனை மிக எளிமையானது. ஒரு கண்ணாடித் தகட்டில் அகார் கூழை ஊற்றி இறுக விடுவார்கள். நடுவில் ஒரு சிறு குழி, அதைச் சுற்றிச் சில குழிகள். நடுக்குழியில், பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீரை, விடுவார்கள். அப்படிப்பட்டவரின் உடலில் அடுத்தவர் ரத்தத்திலுள்ள புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புப் புரதங்கள், உருவாகியிருக்கும். சுற்றியுள்ள குழிகளில் வெவ்வேறு ஆட்களின் சீரம். இரண்டும் கூழுக்குள் மெல்லப் பரவும். ஒன்றுக்கொன்று பொருந்தும் புரதமும் ஆன்டிபாடியும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். 1963இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளியின் சீரத்துக்கும் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்துக்கும் நடுவே அப்படியொரு கோடு விழுந்தது. அந்தப் புரதத்துக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டார்கள். ஆன்டிஜென் என்றால் ஆன்டிபாடி தேடிப் பிடிக்கும் பொருள். அது என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது.

1965இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையின் தலைப்பு, லுகேமியா நோயாளிகளின் சீரத்தில் ஒரு 'புதிய' ஆன்டிஜென் என்பது. 'புதிய' என்ற சொல்லைத் தலைப்பிலேயே மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அது ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையதோ என்றுதான் அந்தக் குழு எண்ணியது. அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம், லுகேமியா நோயாளிகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் வைரஸ் அந்த வழியாகத் தொற்றியிருந்தது என்பதெல்லாம் பிறகு புரிந்த சங்கதி. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவருக்கு முதலில் இல்லாத அந்த ஆன்டிஜென் 1966இல் திடீரெனத் தோன்றியது. அவருடைய கல்லீரலைப் பரிசோதித்தால் அங்கே அழற்சி. அடுத்து ஆய்வகத்திலேயே வேலை பார்த்த ஒரு தொழில்நுட்பப் பணியாளருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவர் தன் ரத்தத்தைத் தானே சோதித்தார். கோடு விழுந்தது. அடுத்து அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது.

இதையெல்லாம் வைத்து, ஆன்டிஜெனுக்கும் கல்லீரல் அழற்சிக்கும் உள்ள தொடர்பை 1967இல் எழுதினார்கள். அதன் தொடர்ச்சியாக அனுப்பிய ஒரு கட்டுரையை ஓர் ஆய்விதழ் முதலில் திருப்பி அனுப்பிவிட்டது. ஹெபடைடிஸ் வைரஸைப் பிடித்துவிட்டோம் என்று ஏற்கெனவே பலர் சொல்லி ஏமாற்றியிருந்தார்கள், இதுவும் இன்னொன்றா என்ற சலிப்பு. 1968இல் ஜப்பானில் ஒகோச்சியும் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் பிரின்ஸும் தனித்தனியே உறுதிப்படுத்திய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1976இல் நோபல் பரிசு வந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். 1965ஆம் ஆண்டுக் கட்டுரையை 1966இல் ஒரு பதவி உயர்வுக் குழு கையில் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? யாருக்கும் தெரியாத ஒரு புரதம், தெளிவில்லாத ஒரு முடிவு. பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்காது. இம்பாக்ட் ஃபேக்டர் என்ற அளவு இருக்கிறதே, அது ஒரு இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை மட்டுமே பார்க்கும். அது இதழுக்கான அளவு, ஆளுக்கானது இல்லை. அது ஒருபுறம் இருக்க, இரண்டு ஆண்டு என்பது ஆஸ்திரேலியா ஆன்டிஜென் போன்ற கண்டுபிடிப்புக்கு எந்த மூலைக்கும் போதாத காலம்.

இதற்கு நேர்மாறான விசித்திரமும் நடக்கும். ஒரு கண்டுபிடிப்பு மிகப் பெரிதாகிவிட்டால் அதை யாரும் மேற்கோள் காட்டுவதை நிறுத்திவிடுவார்கள். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்: எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவாகக் கரைந்துபோன ஆய்வுக்கு மூலம் குறிப்பிட வேண்டிய தேவை இருப்பதில்லை. நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'எச்பிஎஸ்ஏஜி' என்று ஒரு வரி இருக்கும். அது அதே ஆஸ்திரேலியா ஆன்டிஜென்தான். உலகெங்கும் அன்றாடம் நடக்கும் இந்தச் சோதனைகளில் ஒன்றுகூட ப்ளம்பெர்க்கின் மேற்கோள் கணக்கில் ஏறாது.

தடுப்பூசியும் அப்படித்தான். தொற்றுள்ளவர்களின் ரத்தத்திலிருந்து அந்த மேற்பரப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாக்கலாம் என்ற யோசனையை 1969இல் ப்ளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் காப்புரிமை விண்ணப்பமாகக் கொடுத்தார்கள். மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் அதை உருவாக்கி எடுக்க, 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1986இல் ரத்தம் தேவைப்படாமல் ஈஸ்ட் செல்களில் தயாரிக்கும் வகை வந்தது. தைவான் 1984இல் பச்சிளங்குழந்தைகளுக்கு இதை நாடு தழுவிய அளவில் போடத் தொடங்கியது. அங்கே 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் கல்லீரல் புற்றுநோய் 1981-86இல் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990-94இல் 0.36 ஆகக் குறைந்தது. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசி போட்டுத் தடுக்க முடியும் என்று மக்கள்தொகை அளவில் நிரூபணமானது அப்போதுதான். அந்த 1997ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள்கள் தைவான் குழுவுடையவை, அது நியாயமும்கூட. ஆனால் மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தைபே வரையிலான அந்தக் கோடு கண்ணில் படாது.

சரி, கீழாநெல்லிக்கு வருவோம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நமக்குப் பாட்டி சொல்லித் தந்த வைத்தியம். 1980களில் ப்ளம்பெர்க்கின் குழு இந்தச் செடியின் சாற்றை ஆய்வகத்தில் வைரஸ்மீது சோதித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு, ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்தது. முடிவு 1988இல் 'லான்செட்' இதழில் வந்தது. ப்ளம்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்திருந்தது, ஒப்பிடுவதற்காகத் தரும், மருந்துச் சத்தில்லாத போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்திருந்தது. 59 சதவீதத்துக்கு எதிராக 4 சதவீதம். எழுதியவர்களே இதை ஆரம்பகட்ட ஆய்வு என்றுதான் குறிப்பிட்டார்கள். ஆனாலும் இப்படியொரு எண்ணைப் பார்த்தால் உலகம் சும்மா இருக்குமா? பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள்.

1990இல் அதே லான்செட்டில் தாய்லாந்துக் குழு ஒன்று, எங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று எழுதியது. வேறு சில இடங்களிலும் அதே கதைதான். பிற்காலத்தில் எல்லாச் சோதனைகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, போலி மருந்தைவிட இது மேல் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்று முடித்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். "1988இல் இப்படிச் சொன்னார்கள், எங்களுக்கு அப்படி வரவில்லை" என்று எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் அந்த 1988ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஒரு மேற்கோளைச் சேர்க்கிறது. பாராட்டி எழுதினாலும் ஒன்று, மறுத்து எழுதினாலும் ஒன்று. எண்ணும் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. நாட்டு மருந்து ஒன்றைப் போலி மருந்தோடு ஒப்பிட்டு, உலகம் சரிபார்க்கும் வகையில் வெளியிட்டார்கள். அப்படிச் செய்ததால்தான் அது நிற்கவில்லை என்பதையே உலகம் அறிய முடிந்தது. இது அறிவியல் ஒழுங்காக நடந்த கதை. ஆனால் அந்தக் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கையைக் காட்டி "பார், உலகமே ஏற்றுக்கொண்டது" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது முழுத் தவறு.

கீழாநெல்லியால் காமாலை குணமானதைக் கண்ணால் பார்த்தேன் என்பவர்களும் பொய் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஹெபடைடிஸ் பி கூட, ஆரோக்கியமான பெரியவர்களைத் தொற்றினால் 100க்கு 95 பேருக்கு உடலே அதை வெளியேற்றிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளுக்குத்தான் அது நிரந்தரமாகத் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துச் சிரோசிஸாகவும் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) புற்றுநோயாகவும் மாறும் ஆபத்து அதிகம். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். 2022 நிலவரப்படி உலகில் சுமார் 25 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொற்று உள்ளவர்கள் கல்லீரல் மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூலிகையை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்து எச்-இண்டெக்ஸ். 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு இது. ஒரு விஞ்ஞானியின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். உதாரணத்துக்கு ஒருவர் 7 கட்டுரை எழுதியிருக்கிறார், அவற்றுக்கு 40, 22, 9, 6, 5, 3, 1 என்று மேற்கோள்கள் என வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்குக் குறைந்தது 5 மேற்கோள் இருக்கிறது. ஆறாவதற்கு 6 இல்லை, 3தான். எனவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரைக்கு 40க்குப் பதில் 4,000 மேற்கோள் கிடைத்திருந்தாலும் அது 5தான். ஒரே ஒரு மகத்தான கண்டுபிடிப்பை இந்த அளவு பொருட்படுத்தாது, தொடர்ந்து ஓரளவுக்கு எழுதிக்கொண்டே இருப்பவருக்குத்தான் கை கொடுக்கும். எண் குறையவும் குறையாது, ஆராய்ச்சியை நிறுத்தினாலும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே இளைஞர் ஒருவரையும் 30 ஆண்டு அனுபவசாலி ஒருவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம். மருத்துவரையும் கணிதவியலாளரையும் ஒப்பிடுவதும் அப்படியே. மருத்துவத்தில் கட்டுரைகளும் அதிகம், ஒவ்வொன்றிலும் தரும் மேற்கோள்களும் அதிகம்.

ஒரு கட்டுரை ஏன் மேற்கோள் காட்டப்படுகிறது என்பதற்குக் கல்லீரல் துறையிலேயே இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1973இல் லண்டனில் பியூ என்பவரும் சகாக்களும் உணவுக்குழாய் ரத்தக்கசிவுக்கான ஓர் அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதினார்கள். அதில் நோயாளியின் கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மதிப்பெண் போட ஓர் அட்டவணை இருந்தது: பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மூளைக் குழப்பம் ஆகிய ஐந்தும். இன்றும் சிரோசிஸ் நோயாளியின் கோப்பில் 'சைல்டு-பியூ ஏ, பி, சி' என்று எழுதுகிறார்களே, அதுதான் இது. இந்தக் கட்டுரை கல்லீரல் துறையில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் கட்டுரைகளில் ஒன்று. எடுத்தாள்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி அக்கறையே இல்லை, அட்டவணை போதும். பயன்படும் கருவியைச் செய்து கொடுத்தவருக்கு மேற்கோள் குவியும். அது தகுந்த மரியாதைதான், ஆனால் வேறு வகை மரியாதை.

யாருடைய கணக்கில் ஏறுகிறது என்பதும் சிக்கலானது. ஒரு கட்டுரையில் 10 பேர் பெயர் இருந்தால் மேற்கோள் பத்தாகப் பிரியாது. ஒவ்வொருவருக்கும் முழுசாக ஒன்று ஏறும். மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர்களின் பங்கு வெளியாட்களுக்குத் தெரியாது. 1965 கட்டுரையில் இரண்டாவது பெயர் ஹார்வி ஆல்டர், அப்போது இளைஞர். பிறகு அவர் ரத்தம் ஏற்றுவதால் வரும் வேறொரு கல்லீரல் அழற்சியைப் பின்தொடர்ந்தார். அந்த வைரஸை, அதாவது ஹெபடைடிஸ் சியை, 1989இல் மைக்கேல் ஹாட்டனின் குழு பிடித்தது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் கூ-லிம் சூ, அடுத்தது ஜார்ஜ் குவோ. 2013இல் ஹாட்டனுக்குக் கனடாவின் கெய்ர்ட்னர் விருது அறிவித்தபோது, சூவும் குவோவும் சேர்க்கப்படவில்லை என்று சொல்லி அவர் அதை ஏற்க மறுத்தார். 2020இல் ஆல்டர், ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் நோபல் கிடைத்தது. சூவும் குவோவும் அதிலும் இல்லை. பரிசு விட்டுவிட்ட அந்த இரு பெயர்களையும் மேற்கோள் பட்டியல் ஒவ்வொரு முறையும் முன்னால் வைக்கிறது. எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு குறை சொன்ன நான், இந்த ஒரு விஷயத்தில் அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

இனி அந்த 2 சதவீதப் பட்டியல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸும் சகாக்களும் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை வைத்துத் தயாரிப்பது. மேலே சொன்ன குறைகள் அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் ஒரே எண்ணை நம்பாமல், தனியாகவோ முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ எழுதியவற்றுக்குத் தனி இடம் கொடுத்து ஒரு கூட்டு மதிப்பெண் போடுகிறார்கள். ஒவ்வொரு துறைக்குள்ளும் தனியாகவும் ஒப்பிடுகிறார்கள். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தும் காட்டுகிறார்கள். பட்டியல் இரண்டு உண்டு: ஒன்று வாழ்நாள் முழுமைக்கும், மற்றது குறிப்பிட்ட ஓராண்டில் கிடைத்த மேற்கோள்களுக்கு மட்டும். செய்தியில் எந்தப் பட்டியல் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அடுத்த முறை ஃப்ளெக்ஸைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நீங்களே ஒரு விஞ்ஞானியைத் தேடிப் பார்க்க விரும்பினால் கூகுள் ஸ்காலர் போதும், இலவசம். ஆனால் அது ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை என்று எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டும் எண்ணும். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வரும், குழம்ப வேண்டாம். மொத்த எண்ணைக் கடந்து, அதிகம் மேற்கோள் பெற்ற முதல் இரண்டு மூன்று கட்டுரைகளின் தலைப்பைப் படியுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலுக்குப் போகும் இணைப்பு இருக்கும். அதில் நாலைந்தைத் திறந்து, இவர் பெயர் வரும் வாக்கியத்தைத் தேடிப் பிடியுங்கள். "இவர்கள் காட்டிய வழியில்" என்று வருகிறதா, "இவர்கள் சொன்னதற்கு மாறாக" என்று வருகிறதா, அல்லது பத்துப் பெயர்களோடு ஒரு பெயராகப் போகிறபோக்கில் வருகிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை. ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரே செய்துவிடலாம்.